நூறு போனது, இரண்டு திரும்பியது

மார்ச் 4

தங்கச்சி புருஷனுக்கு,

மாப்பிள்ளை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. அதனால் இப்படி.

இந்தக் கடிதத்தில் ஜெயில் முத்திரை இல்லாததைக் கவனித்திருப்பாய். காய்கறி வண்டி ஓட்டுகிறவன் வழியாக வெளியே வருகிறது. போன மாதம் சமையல்கட்டில் அவனைக் கத்தியால் கீற வந்த ஒருத்தனின் மணிக்கட்டை நான் திருகி உடைத்தேன். அன்றிலிருந்து அவனுக்கு என் மேல் தனிப் பாசம். நீ பதில் போட்டால் அதை இங்கே படித்துவிட்டுத்தான் தருவார்கள். பார்த்து எழுது.

நவம்பர் ஒன்பதாம் தேதி என்னை விடுகிறார்கள். அன்று சாயங்காலம் உன் வீட்டுக்கு வருவேன். போன தடவை வேலை பாதியில் நின்றுவிட்டது. நாலு பேர் சேர்ந்து என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். இந்தத் தடவை அந்த நாலு பேர் இருக்கமாட்டார்கள்.

ஏன் வருகிறேன் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். மே பதினொன்று, காட்டில் தீ. என் குழு மேற்குச் சரிவில். சின்னவனும் இன்னும் இரண்டு பேரும் இரண்டாவது மலை மடிப்புக்கு அப்பால். மதியம் இரண்டரைக்குக் காற்று திரும்பியது. வனத்துறை அலுவலக மாடியில் காற்றுக் காட்டி இருக்கிறது, கீழே வயர்லெஸ் அறையில் நீ இருக்கிறாய், உன் மூக்குக்கு முன்னால் மைக் இருக்கிறது. ‘காத்து மாறிடுச்சு, இறங்குங்க’ என்று ஒரு வார்த்தை. அவர்களுக்கு இருபது நிமிடம் இருந்தது. இருபது நிமிடத்தில் என் தம்பி ஓடைக்கு இரண்டு தடவை போய் வந்திருப்பான்.

நாலு மணிக்கு நான்தான் கண்டுபிடித்தேன். மற்ற இருவரும் குப்புறக் கிடந்தார்கள். இவன் மட்டும் மல்லாந்து. தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். எடையே இல்லை. பிறகு போலீஸ்காரர்கள் என் சட்டையைக் கழற்றியபோது அதோடு என்னவெல்லாம் ஒட்டிக்கொண்டு வந்தது என்று தங்கச்சியிடம் சொல்லாதே.

அவனை அலுவலக வாசலில் கிடத்திவிட்டு உன் அறைக் கதவை உதைத்தேன். நீ மேஜையில் தலை சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். மைக் ஸ்டாண்டு கைக்கு வந்தது. அதற்குப் பிறகு நடந்தது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும்.

விசாரணைக் குழு எழுதியதைப் படித்தாயா? வயர்லெஸ் செட்டில் குறையில்லை, மீட்டர் காட்டியது சரியாக இருந்தது, ஆகவே உரிய நேரத்தில் அழைப்பு போகவில்லை. இதை நான் சொன்னால் முன்கோபி சொல்கிறான் என்பார்கள். மூன்று அதிகாரிகள் கையெழுத்துப் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு வரி எழுது. ‘தூங்கிவிட்டேன்’ என்று. எழுதினால் ஒரு கையோடு விடுகிறேன். எழுதாவிட்டால் அவளுக்கு அண்ணனும் இல்லை, புருஷனும் இல்லை.

இப்படிக்கு,
பெரியவன்


மார்ச் 19

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம் விசாரிக்க மறந்துவிட்டீர்கள். நானே சொல்கிறேன். இடது கண் போயிற்று. தாடையில் இரண்டு தகடு வைத்திருக்கிறார்கள், மழை வரப்போனால் எனக்கு முதலில் தெரியும். ‘ப’ சொல்லும்போது காற்றுதான் வருகிறது. உங்கள் தங்கை என்னைப் பேச வைத்துச் சிரிப்பாள், சிரித்துவிட்டு எழுந்து உள்ளே போய்விடுவாள். வேலை போய்விட்டது. தெருவில் உள்ளவர்களின் மிக்ஸி, ஃபேன், மோட்டார் எல்லாம் நம் வீட்டுக் கூடத்தில்தான் கிடக்கின்றன.

நான் தூங்கவில்லை. ஸ்பீக்கரில் காதை வைத்திருந்தேன். மெலிந்த குரல் வந்தால் கண்ணை மூடினால்தான் பிடிபடும். இருபது வருடம் தீயோடு மல்லுக்கட்டியவருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

சின்னவன் குழுவை நாற்பத்தொரு தடவை கூப்பிட்டேன். இரண்டு முப்பத்திரண்டில் தொடங்கினேன். ஒவ்வொன்றையும் நேரம் போட்டுப் பதிவேட்டில் எழுதினேன். அதைப் பிறகு உட்கார்ந்து எழுதியதாக விசாரணைக் குழு சொல்லிவிட்டது. மச்சான், என் வலது கையின் மூன்று விரல்களை நீங்கள் முறித்துவிட்ட பிறகு, அப்படி முத்து முத்தாக எந்தக் கையால் எழுதினேனாம்? அதை ஒருவரும் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் என்னைத் தின்றுகொண்டிருப்பதையும் சொல்கிறேன். செட் நன்றாகத்தான் இருந்தது. தினமும் காலை எட்டு மணிக்கு மீட்டரைப் பார்த்துக் குறித்தவன் நான். தீப்பிடித்த அன்றும் ஊசி அவ்வளவு அழகாக இருந்தது. நல்ல செட், நல்ல வாக்கி டாக்கி, நாற்பத்தொரு தடவை கத்தியும் ஒருவர் காதிலும் விழவில்லை என்றால் கணக்கு இடிக்கிறது. சில காலைகளில் எழுந்ததும், நிஜமாகவே கூப்பிட்டோமா, இல்லை அடிபட்ட மூளை செய்த கற்பனையா என்று எனக்கே சந்தேகம் வருகிறது. அப்போது உங்கள் மேல் எனக்கு வரும் வெறிக்கு அளவில்லை. கண்ணை எடுத்தீர்கள், சரி. என் வார்த்தை மேல் எனக்கிருந்த நம்பிக்கையையும் சேர்த்தல்லவா அடித்துவிட்டீர்கள்.

உங்கள் தங்கை கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் போட்டிருக்கிறாள். நான் கதவோரம் ஒரு இரும்புக் கம்பி வைத்திருக்கிறேன். ஒற்றைக் கண்ணுக்குக் குறி தப்பலாம், ஆனால் உங்கள் தலை பெரியது. வாருங்கள். இந்த வரியை ஜெயில் அதிகாரி படித்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை.

தூங்கிவிட்டேன் என்று எழுதமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்


ஏப்ரல் 6

தங்கச்சி புருஷனுக்கு,

உன் கடிதத்தைக் கொடுத்த வார்டன் ‘என்னய்யா, மச்சினன் மண்டைய ஒடைக்கிறேங்கறான்?’ என்று சிரித்தான். பக்கத்தில் நின்ற ஒருத்தனும் சிரித்தான். வார்டனை ஒன்றும் செய்ய முடியாது. மற்றவனின் தலையை அண்டாவின் விளிம்பில் இரண்டு முறை மோதினேன். பத்து நாள் தனி அறையில் போட்டார்கள். பூச்சி பூச்சியாய் எழுதிய உன் கடிதத்தை அங்கே மனப்பாடமாகிற அளவுக்குப் படித்தேன்.

உன் கதையில் ஓட்டை இருக்கிறது. அதை எல்லாரிடமும் நான் சொன்னதில்லை, உன்னிடம் சொல்கிறேன். சின்னவனின் கையில் வாக்கி இருந்தது. கீழ்ப்பாதி கையோடு இளகிப் போயிருந்தது, பிடியைப் பிரிக்க முடியவில்லை. ஆனால் மேலே சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சேனல் சரி, சத்தம் முழுக்கத் திருகியிருந்தது. புரிகிறதா? அவன் ஓடவில்லை. காதில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். மாமா சொல்லுவாரு, மாமா எந்தப் பக்கம் இறங்கச் சொல்றாருன்னு கேட்டுட்டுப் போலாம் என்று நின்றிருக்கிறான். மற்ற இருவரையும் அவன்தான் நிறுத்தி வைத்திருப்பான். உன்னை நம்பிச் செத்தான்.

அவன் குழுவுக்குத் தனிச் சேனல், என் குழுவுக்குத் தனிச் சேனல் என்று பிரித்து வைத்தவன் நீதான். அதனால் நீ கூப்பிட்டாயா இல்லையா என்பது என் காதில் விழ வழியில்லை. வசதியாகப் போயிற்று.

செட்டைக் குறை சொல்ல இப்போது வழி தேடுகிறாய். அதுவும் நடக்காது. அதற்கு முந்தின மழைக்காலத்தில் ஊசி சிவப்புக்குப் போய்விட்டது, மேலே ஏதோ கெட்டிருக்கிறது என்று மூன்று நாள் தொடர்ந்து என்னை டவரில் ஏற்றினாயே, ஞாபகம் இருக்கிறதா? வேறு எந்த ஆம்பளையும் ஏறமாட்டான் என்று என்னை ஏற்றினாய். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் எரிச்சலில், கேபிளைப் பிடித்திருந்த கிளாம்பில் சுத்தியலால் ஓங்கி நாலு போடு போட்டுவிட்டு இறங்கினேன். கீழே வந்து உன் சட்டையைப் பிடித்து டவரோடு சேர்த்து அழுத்தி, ‘இன்னொரு தடவ ஏறச் சொன்ன, உன்னத் தூக்கி மேல கட்டிருவேன்’ என்றேன். அந்த வாரமே ஊசி இறங்கியது. ‘மச்சான் கை பட்டாதான் கேக்குது, அடி ஒதவுற மாதிரி அண்ணன் தம்பி ஒதவமாட்டான்’ என்று நீயே எல்லாரிடமும் சொன்னாய். செட்டைச் சரி செய்தவன் நான். கெடுக்கவில்லை. வாயைத் திறக்காதவன் நீ.

ஏழு மாதம் இருக்கிறது.

பெரியவன்


ஜூன் 22

மச்சானுக்கு,

விளக்கு எரிந்தது என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த நாளிலிருந்து நான் சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை. சேனலைப் பிரித்தது நான்தான். இரண்டு குழுவும் ஒரே நேரத்தில் பேசி ஒருவர் பேச்சை ஒருவர் அமுக்கக் கூடாது என்று பிரித்தேன்.

இப்போது சொல்வதை மெதுவாகப் படியுங்கள். பழைய டவரைப் பிரித்துப் புதிது நட்டிருக்கிறார்கள். பழைய கேபிளையும் ஆன்டெனாவையும் அலுவலகப் பின்புறம் குப்பையோடு எறிந்திருந்தார்கள். கேட்டு வாங்கி வந்தேன். கூடத்தில் வைத்துக் கேபிளை அறுத்தேன். மறுமுனையை உங்கள் தங்கை பிடித்துக்கொண்டாள். வெட்டிய இடத்தில் தண்ணீர் வந்தது. சொட்டு இல்லை மச்சான், ஒரு டம்ளர் இருக்கும், பச்சையாக. உள்ளே செப்பு வலை முழுக்கக் களிம்பு பிடித்துக் கறுத்திருந்தது. ஆன்டெனாவில் ஒரு கைக்கு உள்ளே, மூட்டுக்குள், கம்பி முறிந்திருந்தது. வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. நீங்கள் மூன்று நாள் ஏறியும் ஏன் கண்ணில் படவில்லை என்று இப்போது தெரிகிறது.

செட்டிலிருந்து நூறு பங்கு சக்தி கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கேபிளே வழியில் இருபதைத் தின்றுவிடும். எண்பது உச்சிக்குப் போகும். கேபிளும் ஆன்டெனாவும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தால் எண்பதும் காற்றில் ஏறும். பொருந்தாவிட்டால் ஆன்டெனா வாங்கிக்கொள்ளாது, ஒரு பகுதியை அதே கேபிளில் கீழே திருப்பி அனுப்பும். அந்தத் திரும்பி வருவதைத்தான் என் மேஜை மேல் இருந்த மீட்டர் காட்டும். மழைக்காலத்தில் ஆன்டெனாவின் கை முறிந்தது. எண்பதில் பாதி காற்றுக்குப் போயிற்று, பாதி திரும்பிற்று. அந்த நாற்பதில் எட்டு வழியில் போக, முப்பத்திரண்டு என்னிடம் வந்தது. ஊசி சிவப்பு.

பிறகு கேபிளுக்குள் தண்ணீர் போயிருக்கிறது. இப்போது நூறு கிளம்பினால் எண்பதைத் தண்ணீரே குடித்துவிடும். உச்சிக்குப் போவது இருபது. அதில் பத்துதான் காற்றுக்கு. மிச்சம் பத்து திரும்புகிறது. திரும்பும் வழியிலும் அதே தண்ணீர் இருக்கிறதல்லவா? பத்தில் எட்டு அங்கே காலி. எனக்கு வந்தது இரண்டு. நூறு போனது, இரண்டு திரும்பியது. ஊசி பச்சையில் போய் உட்கார்ந்துகொண்டது. கெட்ட செய்தி கொண்டுவருகிறவனை நடுவழியில் கொன்றுவிட்டால் ஊரெல்லாம் சுகம் என்றுதானே தோன்றும்.

கேபிள் ஊற ஊற ஊசி அழகாகிக்கொண்டே போயிருக்கிறது. நான் தினமும் ‘நன்று’ என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பத்து பங்கு பக்கத்துச் சரிவுகளுக்குப் போதும். அதனால் யாரும் குறை சொல்லவில்லை. இரண்டாவது மடிப்புக்கு அப்பால் அந்த வருடம் குழு போனது அன்றைக்குத்தான் முதல் தடவை. விசாரணைக் குழுவும் என் மேஜை மீட்டரைத்தான் பார்த்தது. டவர் உச்சியில் போய் யாரும் அளக்கவில்லை. சின்னவன் என்னைக் கூப்பிட்டிருந்தாலும், அவன் குரலையும் வழியில் அதே தண்ணீர்தான் குடித்திருக்கும்.

நான் கூப்பிட்டேன் மச்சான். நாற்பத்தொரு தடவை கூப்பிட்டேன். எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. இதை எழுதும்போது சந்தோஷமாக இருக்கிறது. இப்படி ஒரு விஷயத்துக்குச் சந்தோஷப்படுகிறவனும் மனுஷனா என்றும் இருக்கிறது.

தண்ணீர் எப்படி உள்ளே போனது என்று தெரியவில்லை. பழைய கேபிள். தோல் ஓரிடத்தில் கிழிந்திருந்தது.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்


ஜூலை 20

தங்கச்சி புருஷனுக்கு,

உன் கடிதத்தை இங்கே பத்தொன்பது நாள் பிடித்து வைத்திருந்தார்கள். நூறு, எண்பது, முப்பத்திரண்டு என்று எண் இருக்கிறதே, ஜெயிலை உடைக்கிற திட்டம் என்று நினைத்துவிட்டார்களாம். கடைசியில் அதிகாரி என்னைக் கூப்பிட்டு அர்த்தம் கேட்டார். எனக்கே தெரியாததை அவருக்கு என்ன சொல்ல? மூன்று நாள் தரையில் கரித்துண்டால் கோடு போட்டுப் பார்த்தேன். டவர் ஒரு கோடு, கேபிள் ஒரு கோடு. நூறை மேலே அனுப்பினேன், இரண்டைக் கீழே கொண்டுவந்தேன். கணக்கு சரியாகத்தான் வருகிறது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நீ படித்தவன். என்னைப் போன்ற முட்டாளைக் கணக்கைக் காட்டி ஏமாற்றுவது உனக்குப் பெரிய காரியமில்லை. ஆகவே உன் கணக்கில் கேட்கமாட்டேன், என் கணக்கில் கேட்கிறேன். அந்த டவரில் நாற்பத்தாறு படி. ஒவ்வொரு படியும் என் காலுக்குத் தெரியும். எந்தப் படியில் துரு, எந்தப் படியில் குளவிக்கூடு என்று இருட்டில் சொல்லுவேன். தோல் கிழிந்திருந்தது என்கிறாயே, எத்தனாவது படிக்கு நேராக? எவ்வளவு நீளம்? எதனால் கிழிந்த மாதிரி இருந்தது?

நீ எல்லாவற்றையும் அளந்து எழுதுகிறவன். ஒரு டம்ளர் தண்ணீர் என்று எழுதத் தெரிந்த உனக்கு, கிழிசலை மட்டும் ‘ஓரிடத்தில்’ என்று எழுத எப்படி மனசு வந்தது? இங்கே பொய் சொல்கிறவனைத் தினமும் பார்க்கிறேன். மற்றதையெல்லாம் விரிவாகச் சொல்லிவிட்டு ஒரு இடத்தில் மட்டும் வேகமாகக் கடந்து போவான். அந்த இடத்தில்தான் நாங்கள் அடிப்போம்.

எழுது. எழுதாவிட்டால் முழுதும் பொய் என்று எடுத்துக்கொள்வேன். நவம்பர் ஒன்பது அப்படியே இருக்கிறது. கம்பியைத் துடைத்து வை.

பெரியவன்


ஆகஸ்ட் 2

மச்சானுக்கு,

எழுத வேண்டாம் என்று உங்கள் தங்கை சொன்னாள். ‘அண்ணனுக்கு இது தெரிஞ்சா உங்களக் கொல்ல மாட்டாரு, ஆனா வேற யாரையோ கொன்னுடுவாரு. அது யாருன்னு எனக்குத் தெரியும்’ என்றாள். அதனால்தான் போன கடிதத்தில் வேகமாகக் கடந்தேன். நல்லவன் வேஷம் இல்லை. எழுத வேண்டும் என்று எனக்குப் பல்லைக் கடிக்கிற அளவுக்கு ஆசை இருந்தது. ஒரு கண்ணாடி முன் நின்று, இல்லாத கண்ணைப் பார்த்து, எழுதிவிடு எழுதிவிடு என்று எத்தனை தடவை சொல்லிக்கொண்டேன் தெரியுமா? நீங்களாகவே கேட்டுவிட்டீர்கள். வாங்கிக்கொள்ளுங்கள்.

முப்பத்திரண்டாவது படி. கேபிள் நீளத்தை அளந்து கணக்குப் போட்டேன். இன்னும் அதில் மாட்டியிருந்த கிளாம்புக்கு அடியில். கிளாம்பின் விளிம்பு உள்ளே இறங்கித் தோலையும் வலையையும் வெட்டியிருக்கிறது. கட்டைவிரல் நீளம். கிளாம்பின் மேல் நாலு பள்ளம், உங்கள் சுத்தியல் முகம் அப்படியே பதிந்திருக்கிறது, ஒரு ஓரம் உடைந்த முகம். முதலில் அடையாளம் கண்டவள் உங்கள் தங்கை. பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தாள்.

இன்னும் இருக்கிறது. நீங்கள் அடிக்காமல் இறங்கி வந்திருந்தால், ஆன்டெனா முறிந்தது முறிந்தபடியே கிடந்திருந்தாலும், நாற்பது பங்கு காற்றில் போயிருக்கும். அந்த மடிப்புக்கு அப்பால் எட்ட முப்பதே போதும். கெட்டுப்போன ஆன்டெனாவோடு அவனுக்குக் கேட்டிருக்கும். ஊசி சிவப்பில் கிடந்திருக்கும், நான் உங்களை நச்சரித்திருப்பேன், நீங்கள் என்னைத் திட்டியிருப்பீர்கள், அவன் வீட்டுக்கு வந்திருப்பான்.

இதை எழுதியதும் மனசு குளிரும் என்று நினைத்தேன். இல்லை. ஆகவே என் பங்கையும் எழுதுகிறேன், இது ஒருவருக்கும் தெரியாது, உங்கள் தங்கைக்கும்.

சரிசெய்த ஒன்று அந்த நொடியே சரியாக வேண்டும். நீங்கள் அடித்துவிட்டு இறங்கியபோது ஊசி அப்படியே சிவப்பில்தான் இருந்தது. அடுத்து நாலு நாள் மழை. அதன் பிறகு நாளுக்குக் கொஞ்சமாக இறங்கிற்று. தொட்டதும் சரியாகாமல் வாரம் முழுக்கத் தானாகச் சரியாகிற கோளாறு உலகத்தில் கிடையாது. இது என் தொழில். எனக்கு அப்போதே உறுத்தியது. ஒரு நாள் மதியம் டவர் அடியில் போய் நின்று மேலே பார்த்தேன். இன்னொரு தடவை ஏறிப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீங்கள் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தீர்கள். திரும்பி ‘என்ன?’ என்றீர்கள். என் கழுத்தில் நீங்கள் பிடித்த இடம் இன்னும் கன்றியிருந்தது. ‘ஒண்ணுமில்ல மச்சான், ஊசி சூப்பரா இருக்கு’ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அன்றிலிருந்து இருநூறு நாளைக்கு மேல் ‘நன்று’ என்று எழுதினேன். உங்களிடம் நாலாவது தடவை கேட்கப் பயந்து எழுதினேன். நீங்கள் கேபிளை அடித்தீர்கள். நான் அந்த அடியைப் புகழ்ந்தேன். இருவரும் சேர்ந்துதான் அவனை அங்கே நிறுத்தி வைத்தோம்.

இனி வருவதானால் வாருங்கள்.

தங்கள் தங்கையின் கணவன்


செப்டம்பர் 15

மாப்பிள்ளை,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கை.

உங்கள் கடிதம் ஒரு புதன்கிழமை வந்தது. படித்தேன். மடித்துப் பைக்குள் வைத்தேன். இங்கே மர வேலைக்கூடம் இருக்கிறது, எண்ணித்தான் சுத்தியல் தருவார்கள். மறுநாள் போய் மேஜை மேல் வலது கையை வைத்து, இடது கையில் சுத்தியலை எடுத்தேன். இரண்டு அடி. மூன்றாவதற்குள் பாய்ந்து பிடித்துவிட்டார்கள். உங்களை அடித்தபோதும் பாதியில் பிடித்தார்கள். எனக்கு எதையும் முடிக்கக் கொடுத்து வைக்கவில்லை. நாலு விரல் இனி மடங்காதாம். சொந்தக் கை என்பதால் தனி வழக்கு இல்லை என்று அதிகாரி சொன்னார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

தங்கச்சியிடம் சொல்லாதீர்கள். சொல்லாவிட்டாலும் உங்கள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாள்.

விசாரணைக் குழுவுக்கு நேற்று எழுதிப் போட்டேன். முப்பத்திரண்டாவது படி, கிளாம்பு, நாலு அடி, எல்லாம். நீங்கள் கூப்பிட்டீர்கள், அது போகவில்லை, போகவிடாதவன் நான் என்று எழுதினேன். அந்தக் கிளாம்பைப் பத்திரமாக வைத்திருங்கள், கேட்டால் கொடுங்கள். ஊசி உறுத்தியதை, நீங்கள் பயந்ததை எழுதவில்லை. அது அவர்களுக்கு எதற்கு? பயம் உங்கள் கழுத்துக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். மூன்று பேர் செத்த வழக்கு என்பதால் என் மேல் புதிதாக ஏதாவது போடுவார்களாம். நவம்பர் ஒன்பது இனி என் கையில் இல்லை. எப்போது விட்டாலும் உங்கள் வீட்டுக்கு வரமாட்டேன். கம்பியை எடுத்துவிடுங்கள். அவள் காலில் விழுந்து வைக்கப்போகிறது.

உங்கள் கண்ணுக்கு நான் என்ன சொல்ல?

ஒன்று மட்டும் கேட்கிறேன். நாற்பத்தொரு தடவை கூப்பிட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். என்ன சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்று ஒரு தடவைகூட எழுதவில்லை. விசாரணையிலும் யாரும் கேட்கவில்லை. எனக்கு எழுதுங்கள். வார்த்தை மாற்றாமல், எப்படிச் சொன்னீர்களோ அப்படியே. அவனுக்குப் போய்ச் சேராததை யாராவது ஒருத்தராவது கேட்க வேண்டும். நான் கேட்கிறேன்.

பெரியவன்


செப்டம்பர் 27

மச்சானுக்கு,

நாற்பத்தொன்றும் எழுத என்னால் முடியாது. நிறைய ஒரே மாதிரிதான். மறக்க முடியாததை எழுதுகிறேன்.

2.32: ‘மூணாம் குழு, மூணாம் குழு. காத்து திரும்பிடுச்சு. கிழக்கால ஓடைக்கு இறங்குங்க. கேட்டதாச் சொல்லுங்க.’

2.33, 2.34: அதேதான்.

2.36: ‘மூணாம் குழு, பதில் வேணாம். பதில் சொல்ல நிக்காதீங்க. இறங்குங்க.’

2.41: ‘சாமான எல்லாம் போட்டுட்டு ஓடுங்க. யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்.’

2.45: ‘டேய் சின்னவனே, மாமா பேசறேன்டா. கேக்குதா?’

2.50: ‘கேக்குதாடா?’

3.10 வரை இதே ஒரு வார்த்தைதான். அதற்குப் பிறகு புகை நிறம் மாறிவிட்டது. அலுவலக ஜன்னலிலிருந்தே தெரிந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது மச்சான். தெரிந்தும் கூப்பிட்டேன்.

3.38: ‘உங்க அக்கா உனக்கு எடுத்து வெச்சிருக்கா. வந்து சாப்புடு.’ நான் கூப்பிடவே இல்லை என்றவர்களே விசாரணையில் இதைப் படித்துவிட்டு, அரசாங்க அலைவரிசையில் சொந்தப் பேச்சு என்று தனியாக ஒரு குறை எழுதினார்கள்.

4.20: வார்த்தை இல்லை. மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அதையும் அழைப்பு என்றுதான் எழுதி வைத்தேன்.

கடைசி ஒன்று இருக்கிறது. அதை உங்களுக்கு எழுதலாமா என்று நான்கு நாள் யோசித்தேன். உங்கள் தங்கை ‘எழுதுங்க, அண்ணன் கேட்டிருக்காரு’ என்றாள்.

நாற்பத்தொன்றாவது. 5.04. ‘டேய், உங்கண்ணன் ஓடைக்கிட்ட வண்டியோட நிக்கிறாருடா. உன்னக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்காரு. ஓடி வந்துரு.’

அது பொய். நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. என் பேச்சுக்கு எழாதவன் உங்கள் பேரைச் சொன்னால் எங்கே கிடந்தாலும் எழுந்து ஓடி வருவான் என்று மட்டும் தெரியும். அதனால் சொன்னேன்.

5.05க்கு நீங்கள் அவனைக் கொண்டுவந்தீர்கள்.

உங்கள்
மாப்பிள்ளை